குறவர் என்னும் பெயரும் ஈழத்துக் குறவர் வாழ்வும்

குறவர் என்னுஞ் சொல் தமிழ் கற்றார் எவர்க்கும் புதியதன்று. குறிஞ்சி நிலத்து மக்கள் யாவர் என வினவினால், கீழ்வகுப்பு மாணவனும் தடையின்றிக் குறவர் என விடை தருவான். தினைப்புனங் காத்த வள்ளியம்மை குறவர் குடியில் வளர்ந்தவர் என்பதைப் புராண படனங் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடங் கேட்டோர், வசந்தவல்லிக்குக் குறி சொல்ல வந்த சிங்கியையும், அவளைத் தேடி அலைந்த சிங்கனையும் எளிதில் மறவார். ஈழநாட்டிலும் கீரிமலையைப் பொருளாக வைத்து நகுலமலைக் குறவஞ்சி எழுந்தது. ஏட்டிலே இத்துணை நெருக்கமாகக் குறவரை அறிந்துள்ள நாம், அதே பெயரால் அழைத்த வேறொரு மக்களை, அவர்கள் நம் வாயிலில் வந்து நின்ற காலத்தும் அறிந்துகொண்டோமில்லை. அம்மக்களைப் பற்றிச் சிறிது விளக்கி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறுபது வயது கடந்த பழைய மாணவர் பலர் தம் இளமையில் அவர்களைக் கண்டிருப்பர். துணியாற் சுற்றிக் கட்டிய பாம்புப் பெட்டியும் மகுடியுமாக ஓர் ஆடவன் படலையடியில் வந்து நிற்பான். வேறொருவன் கயிற்றிற் கட்டிய குரங்கோடு வருவான். இடுப்பிலே குழந்தையைத் தாங்கிய பெண், வீட்டிலுள்ள பெண்களின் கையைப் பார்த்துப் பலன் சொல்வாள். அரிசியோ, பழந்துணியோ, சில்லறையோ பெற்றுக்கொண்டு போய்விடுவர். வெளியிலுள்ள வெறுங்காணியிலோ குளக்கரையிலோ அவர்களது கூடாரங்கள் சில நாள் தோன்றும். பின்னர் ஒரு காலையில் அவ்விடம் வெறிதாகக் கிடக்கும். அவர்கள் எங்கிருந்து வந்தனர், எங்கே போயினர் என்று கேட்டவர் சிலரே. குறவர் என்றோம், கிழக்கிலங்கையில் வனக்குறவர் என்றோம். பெயர் இட்டதோடு ஆராய்ச்சி முடிந்தது.

அவர்களது வீட்டுமொழி தமிழன்று, சிங்களமுமன்று. அது தெலுங்கு மொழியின் ஒரு கிளைவழக்கு. தமிழ்ப்பகுதிக்கு வந்தால் தமிழிலும் சிங்களப்பகுதிக்குச் சென்றால் சிங்களத்திலும் தடையின்றிப் பேசுவர். கூடாரத்துள் புகுந்து தம் பிள்ளையை அழைக்கும்போது தெலுங்கிலேயே அழைப்பர். ஆகவே, குறிஞ்சித் திணைக் குறவரின் வழித்தோன்றல்களாக இவர்களைக் கருதுவதற்கு இடமில்லை. குறி சொல்லுதல் என்னும் ஒரு தொழிலின் ஒப்புமையைக் கொண்டு நாம் ஒரு பழம்பெயரை எடுத்து இவர்கள்மேற் சார்த்திவிட்டோம்.

இப்பெயர்க் குழப்பம் நமது நாட்டோடு நிற்கவில்லை. தமிழகத்திலே ஊசிமணி பாசிமணி விற்று ஊர் ஊராகச் சென்றவர்கள் நரிக்குறவர் எனப்படுவர். அவர்களது மொழியாகிய வாக்ரிபோலி, குசராத்தி முதலிய வடநாட்டு மொழிகளோடு உறவுடையது. திராவிடக் குடும்பத்தைச் சார்ந்ததே அன்று. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலிற் சேர்ப்பதற்கான சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2022 டிசெம்பரிலேதான் நிறைவேற்றியது. அங்கேயே குறவர் என்றும், ஆந்திரத்தில் எருகலர் என்றும் வழங்கும் மற்றொரு மக்கள் உளர். அவர்கள் பேசுவது தமிழோடு மிக நெருங்கிய ஒரு மொழி. பிரித்தானியர் 1871 இல் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ், பிறந்த குடியே குற்றமாகக் கொள்ளப்பட்டு அல்லலுற்றவருள் அவர்களும் அடங்குவர். இனி, நமது நாட்டுக் குறவரோ தெலுங்கர். சங்கப்பாட்டின் குறவரையுஞ் சேர்த்து எண்ணினால், மொழியாலும் வரலாற்றாலும் வேறான நான்கு மக்கள் ஒரு பெயருக்குள்ளே அடைபட்டுக் கிடக்கின்றனர். ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு என மாணவர்க்கு நாடோறுஞ் சொல்லித்தரும் நாம், இச்சொல்லை மட்டும் ஏனோ ஒரு பொருட் கிளவியாகவே ஆண்டுவந்தோம்.

சிங்களவர் வழங்கும் பெயர் அஹிகுண்டிகர் என்பது. அஹி என்றாற் பாம்பு. பாலி நூல்கள் பாம்பாட்டியை அஹிதுண்டிகன் என்று கூறும். ஜாதகக் கதைகளுள் 365 ஆவது கதைக்கும் இதுவே பெயர். அக்கதையில் வரும் பாம்பாட்டி ஒரு குரங்கையும் வைத்திருந்தான் என்பது நோக்கத்தக்கது. பாம்பும் குரங்கும் ஒருவன் கையில் ஒருங்கே பிழைப்புக் கருவியாதல் பாரத கண்டத்திலே மிகப் பழைய வழக்கம் என்பதற்கு அஃதொரு சான்று. இப்பெயரும் பிறர் இட்ட தொழிற்பெயரே. ஆயினும் நாம் இட்டதைப்போல வேறொரு மக்களோடு கலந்து மயங்குவதற்கு இடந்தரவில்லை.

தெலுங்கு பேசுவோர் ஈழத்துக்கு எவ்வாறு வந்தனர் என்று ஆராயப் புகுவோர் உடனே கண்டி நாயக்க மன்னரை நினைப்பதுண்டு. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட அம்மரபினரும் தெலுங்கு வழியினர் என்பது உண்மையே. ஆனால் மொழி ஒன்று என்ற அளவில் அரண்மனையையும் கூடாரத்தையும் முடிச்சுப் போடுதல் கதை கட்டுவதாய் முடியும். பாம்பாட்டிக்கு அரச பரிவாரம் வேண்டுவதில்லை. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே வணிகரும் யாத்திரிகரும் கூலியாட்களும் இடையறாது வந்துபோன கடல்வழியே அவனுக்குப் போதும்.

மொழியைப் பற்றி இன்னுஞ் சிறிது கூற விரும்புகின்றேன். தமிழாசிரியன் ஆகலின் வாசகர் பொறுத்தருள்வாராக. ஆந்திர நாட்டுத் தெலுங்கிலே ஒன்று முதற் பத்து வரையுள்ள எண்கள் ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, அயிது, ஆறு, ஏடு, எனிமிதி, தொம்மிதி, பதி என வரும். இரண்டும் நாலும் ஆறும் நம்முடையனவே. ஏழு என்பது ஏடு என்றாதல் கவனிக்கத்தக்கது. தமிழின் ழகரம் நிற்கும் இடத்திற் பலவிடத்துத் தெலுங்கிலே டகரம் நிற்கும்: கோழி அங்கே கோடி, கழுதை அங்கே காடித. பாம்பு பாமு என்றும், கண் கன்னு என்றும், மூக்கு முக்கு என்றும், ஊர் ஊரு என்றும் வரும். இல் என நாம் செய்யுளிலே மட்டும் காணுஞ் சொல் அவர்களிடத்து இல்லு என்று அன்றாட வழக்கில் உள்ளது. இலங்கையில் வழங்குவது எழுத்துவடிவம் பெறாத பேச்சுவழக்கு ஆதலின், ஒலிப்பிலும் சொல்லிலும் ஆந்திரத்தினின்றும் வேறுபடும் இடங்கள் உண்டு. வந்த இடத்துச் சொற்களும் அதிற் கலந்துள்ளன. எனினும் மொழியின் எலும்புக்கூடு தெலுங்கே. நாலு பக்கமும் தமிழும் சிங்களமும் சூழ்ந்திருக்க, பள்ளிக்கூடமோ ஏடோ கோயிலோ துணையில்லாமல், தாய் வாய்ச்சொல் ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு பல தலைமுறை அம்மொழி நிலைத்து நின்றது. நம் பிள்ளைகள் கடல் கடந்து ஒரு தலைமுறை கழியுமுன்னே தமிழ் என்னாகுமோ என்று அஞ்சும் நமக்கு இது வியப்பைத் தரவேண்டும்.

அதற்குக் காரணம் அவர்களது அலைவு வாழ்க்கையே எனலாம். ஒரே ஊரில் நிலைத்திருந்தால் அவ்வூர் மொழி பிள்ளைகளை விழுங்கிவிடும். இன்று ஓர் ஊர், அடுத்த கிழமை மற்றோர் ஊர் எனச் செல்பவர்க்கு, எவ்விடத்தும் மாறாதிருப்பது தம் கூட்டத்தின் மொழி ஒன்றே.

அக்கூட்டம் சில குடும்பங்களின் சேர்க்கை. தாளிப்பனை ஓலையைப் பரப்பி, வளைத்த கழிகள்மேல் இட்டுத் தாழ்ந்த குடில்களை அமைப்பர். உள்ளே நிமிர்ந்து நிற்க இயலாது. இருக்கவும் படுக்கவும் இடமுண்டு. பிற்காலத்தில் ஓலைக்குப் பதிலாகத் தறப்பாள் வந்தது. புறப்படும் வேளையில் ஓலையைச் சுருட்டி, சட்டிபானைகளோடு கழுதைமேல் ஏற்றிவிடுவர். வேட்டைக்கும் காவலுக்கும் நாய்கள் உடன் செல்லும். ஓரிடத்தில் ஒரு கிழமைக்கு மேல் தங்கலாகாது என்பது அவர்களிடையே வழங்கிய கட்டுப்பாடு. இதனை மூடநம்பிக்கை என எள்ளுவோர், சிறிது கணக்குப் பார்த்தல் நன்று. முப்பது வீடுள்ள ஓர் ஊரில் பாம்பாட்டம் எத்தனை முறை பார்க்கப்படும்? கைரேகை எத்தனை முறை கேட்கப்படும்? மூன்றாம் நாள் பார்ப்பவர் குறைவர். ஐந்தாம் நாள் அரிசி குறையும். அயலிலுள்ள பற்றைக்காட்டில் உடும்பும் முயலும் அருகும். அதற்கப்பால் ஊராரின் முகமும் மாறும். முகம் மாறுமுன்னே பெயர்ந்து போவது, அடுத்த ஆண்டு அதே ஊருக்கு நல்ல முகத்தோடு வருவதற்கு வழி. உழவன் நிலத்தைத் தரிசு விடுவதுபோல இவர்கள் ஊரைத் தரிசு விட்டனர். வெள்ளாமை வெட்டி நெல் வீடு சேர்ந்த காலத்தில் கொடுப்பார் கையும் தாராளமாயிருக்கும் என்பது அவர்கள் அறியாததன்று.

கூட்டத்துள் எழும் வழக்குகளை ஊர்ச்சபைக்கோ பொலிசுக்கோ கொண்டுசெல்வதில்லை. தலைவரும் முதியோரும் கூடி இருந்து கேட்டுத் தீர்ப்பர். பிரிந்து திரியும் கூட்டங்கள் ஆண்டில் ஒருகால் ஓரிடத்திற் கூடும் பேரவையும் உண்டு. வரிகசபை என்பது அதன் பெயர். மணப்பேச்சும், பழைய பிணக்குகளின் தீர்ப்பும், பிறந்தார் இறந்தார் செய்தியும் அங்கே நிகழும். நெடுங்காலம் நலிவுற்றிருந்த அச்சபை அண்மைக் காலத்தில் மீண்டும் கூட்டப்பெற்றது.

இனித் தொழிலுக்கு வருவோம். பாம்பாட்டம் பற்றிப் பொதுமக்களிடம் உள்ள கருத்துகளிற் பாதி தவறானவை. மகுடியின் இசைக்கு மயங்கிப் பாம்பு ஆடுகின்றது என்பர். பாம்புக்குப் புறச்செவி இல்லை. நிலத்தின் அதிர்வை அது நன்குணரும். காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் ஓரளவு உணரும் என ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். ஆயினும் அது தலையை அசைப்பது இசைக்காக அன்று. சுரைக்குடுக்கையாற் செய்த மகுடி வலமும் இடமும் அசைய, அதனைத் தனக்கு வரும் இடராகக் கருதி, கண்ணை எடாமற் பின்தொடர்கின்றது. நாகம் படமெடுத்து எழுந்த உயரமளவே பெரும்பாலும் எட்டிக் கொத்தும். அவ்வெல்லைக்கு ஒரு சாண் அப்பால் அமர்ந்திருப்பவன் அஞ்சவேண்டியதில்லை. அந்த ஒரு சாணை அறிவதுதான் வித்தை. எந்தப் பாம்பு சினங்கொண்டது, எது களைத்தது, எது தோலுரிக்கும் பருவத்தில் உள்ளது என்பதை அறியாதவன் அவ்வெல்லையை ஒரு நாள் தவறவிடுவான். தந்தையின் அருகிருந்து சிறுவயது முதற் பார்த்துப் பழகியவனுக்கே அவ்வறிவு கைவரும். எழுத்தறியாத ஒருவன் தன் மகனுக்குக் கற்பிக்கும் இக்கல்வியிலே பாடமும் உண்டு, பரீட்சையும் உண்டு; தவறியவனுக்கு மறுமுறை எழுத வாய்ப்பில்லை.

விஷக்கல் என்பதைப் பற்றியும் ஒரு சொல். கடிவாயில் வைத்தால் நஞ்சை உறிஞ்சும் என்று விற்கப்பட்ட அக்கல், சோதித்துப் பார்த்த இடமெல்லாம் பயனற்றதென்றே தெரியவந்தது. பாம்பு கடித்தால் வைத்தியசாலைக்கு விரைவதே வழி. இதனை மாணவர் மனத்திற் கொள்க. பாம்பை அறிதல் வேறு, நஞ்சை முறித்தல் வேறு. முன்னதில் அவர்கள் வல்லவர் என்பதனாற் பின்னதிலும் வல்லவர் ஆகமாட்டார்.

குரங்காட்டம் சிறுவர்க்கு உவப்பாயினும், அதனைப் பழக்கும் முறை விலங்குக்கு உவப்பானதன்று. அதனை நான் புகழ்ந்தெழுத மாட்டேன். பெண்கள் செய்த குறிசொல்லுந் தொழிலோ வேறு வகையானது. வீட்டுக்குள்ளேயே அடைபட்ட நம் பெண்கள், பிற மனிதரிடம் வாய்விட முடியாத துயரங்களை அந்நியளான குறத்தியிடம் கை நீட்டிச் சொன்னார்கள். நாளை அவள் ஊரில் இருக்கமாட்டாள். கேட்ட செய்தி ஊருக்குள் உலாவாது. கூறிய பலன் பலித்ததோ இல்லையோ, கேட்ட காது பயன்பட்டது. குடும்பத்தின் அன்றாட அரிசி பெரும்பாலும் இவ்வாறு பெண்ணின் கையாலேயே வந்தது. பச்சை குத்துவதிலும் அவர்கள் கைதேர்ந்தவர்கள்.

இவ்வாழ்வு ஒரு நாளில் முடிந்துவிடவில்லை. நான்கு திசையினின்றும் வேலி நெருங்கியது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1970களில் விரைந்த மகாவலித் திட்டமும் உலர்வலயத்தின் வெற்றுநிலங்களை வயலாகவும் குடியேற்றமாகவும் மாற்றின. கூடாரமடிக்கும் குளக்கரைக்கு உடையவன் தோன்றினான். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும் காட்டுயிர்களைப் பிடித்தலையும் வைத்திருத்தலையும் வரவரக் கடுமையாகத் தடுத்தன. அச்சட்டம் நல்லதே, காட்டுயிர் அழிந்தால் அனைவர்க்குங் கேடு. ஆனால் அதனாற் பிழைப்பு இழந்தவனுக்கு மாற்று யாது என்ற வினாவை எவரும் எழுப்பவில்லை. 1968 ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும், நிரந்தர முகவரி வேண்டும், கிராம சேவையாளரின் சான்று வேண்டும். மரத்தடியிற் பிறந்து வழியில் வளர்ந்தவனுக்கு இம்மூன்றில் எதுவுமில்லை. 1983 முதல் 2009 வரை நாடு போரிற் சிக்கியபோது, அட்டை இல்லாதவன் ஒரு சோதனைச் சாவடியையுங் கடத்தல் அரிது; வடக்குக் கிழக்குக்கும் ஏனைய பகுதிகளுக்கும் இடையே வழமையாகப் போய்வந்த பாதைகள் அடைபட்டன. வீடுதோறும் தொலைக்காட்சி வந்தபின் பாம்பாட்டம் பார்க்க முற்றத்துக்கு வருவோரும் குறைந்தனர். பாம்புப் பெட்டியோடு எஞ்சியவர்கள் சிகிரியா முதலிய, உல்லாசப் பயணிகள் வருமிடங்களை நாடினர்.

குடியிருப்புகள் இதற்கு முன்னரே தோன்றத் தொடங்கியிருந்தன. அம்பாறை மாவட்டத்தில் ஆலையடிவேம்புப் பிரிவைச் சார்ந்த அளிக்கம்பை அவற்றுள் நம்மவர்க்கு அணுக்கமானது. கிழக்கிலங்கையிற் பணியாற்றிய கத்தோலிக்கக் குருமாரின் முயற்சியால் அங்கே வனக்குறவர் பலர் நிலைத்து வாழத்தொடங்கி, கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். வயல் வேலை, கால்நடை, கூலித்தொழில், காட்டுத்தேன் என்பவற்றால் வாழ்க்கை நடத்துகின்றனர். வள்ளியின் குலம் என்று பாட்டிற் போற்றிய பெயரைத் தாங்கி நின்றவர்களிடம் சைவர்களாகிய நாம் முதலிற் சென்றோமில்லை என்பதை ஓர் இந்துக் கல்லூரியின் மலரிலே எழுதாமல் வேறெங்கே எழுதுவது? மதம் மாறினார் என்று வருந்துவோர், அதற்கு முன் அவர்களை நாம் எந்தத் திண்ணையில் இருத்தினோம் என்பதையும் நினைத்துப்பார்க்கலாம்.

அநுராதபுர மாவட்டத்திலே தம்புத்தேகமவுக்கு அண்மையில் உள்ள குடாகம, கலாவெவ, கல்கமுவவை அடுத்த அந்தரபெத்த முதலிய இடங்களில் வாழ்வோர் சிங்களச் சூழலில் அமைந்தவர்கள். அவர்தம் பிள்ளைகள் சிங்களத்திற் கற்கின்றனர். பெயர்களும் சிங்களப் பெயர்களாயின. பௌத்தத்தைச் சார்ந்தோர் பலர். இவ்வாறாக, இரண்டு தலைமுறைக்கு முன் ஒரே குளக்கரையில் அருகருகே கூடாரம் அடித்த சுற்றத்தார், ஒருபால் தமிழ்க் கத்தோலிக்கராகவும் மறுபாற் சிங்கள பௌத்தராகவும் வளர்ந்துவிட்டனர். குடிசனக் கணக்கெடுப்பில் அவர்களுக்கெனத் தனிநிரல் இல்லாமையால், எண்ணிக்கையிலும் இவ்வாறே பிரிந்து கரைகின்றனர். மொத்தத்தில் அவர்கள் சில ஆயிரவரே. நிலைத்த வாழ்வு அவர்களுக்கு வீடும் வைத்தியமும் பள்ளியும் தந்தது. அவற்றை வேண்டாம் என்று சொல்வது, வீடுள்ளவர் பேசும் வீண்பேச்சு. ஆனால் அதே வாழ்வு ஒரு மக்களை இரண்டாகப் பகுத்தும் விட்டது. அளிக்கம்பைச் சிறுவனும் குடாகமச் சிறுவனும் சந்தித்தால், ஒருவன் பள்ளியிற் கற்ற மொழி மற்றவனுக்கு விளங்காது. இருவர்க்கும் பொதுவாக எஞ்சியிருப்பது பாட்டியின் தெலுங்கு மட்டுமே. அதுவும் போனால் அவர்கள் ஒருவர்க்கொருவர் அந்நியராவர்.

இது பள்ளிக்கூடத்து வினாவும் ஆகும் என்பதனாலேயே ஆசிரியனாகிய நான் இதனை வற்புறுத்துகின்றேன். வீட்டிலே தெலுங்கு பேசி, கடைத்தெருவிலே தமிழ் பேசி, வேலை தேடிச் செல்லுமிடத்துச் சிங்களம் பேசும் குடும்பத்திலிருந்து ஆறு வயதுப் பிள்ளை வகுப்பறைக்கு வருகின்றது. வேறு எந்தப் பிள்ளைக்கும் இத்துணை மொழிச்செல்வம் இல்லை. வகுப்பறையோ அதனைப் பின்தங்கிய பிள்ளை என்று குறிக்கின்றது. அரிச்சுவடி தெரியாது என்பது உண்மை. மொழி தெரியாது என்பது பொய். பாமு என்று சொன்ன பிள்ளையைப் பார்த்து மற்றவர் நகைக்க, ஆசிரியரும் பேசாதிருந்தால், மறுநாள் அப்பிள்ளை அச்சொல்லைச் சொல்லாது. சில காலத்தில் பள்ளிக்கே வராது. பாம்பும் பாமுவும் ஒரே அடியிற் பிறந்தவை என்று ஆசிரியர் ஒரு நிமிடம் எடுத்துச் சொல்வாராயின், இலக்கணப் பாடமும் ஆயிற்று, பிள்ளையின் தலையும் நிமிர்ந்தது. இதற்குத் தனிச் செலவோ சுற்றுநிருபமோ வேண்டியதில்லை.

தொழிலறிவும் இவ்வாறு கழிவாகப் போகவேண்டும் என்னும் நியதியில்லை என்பதற்குத் தமிழகத்து இருளர் வரலாறு நல்ல சான்று. அவர்கள் தெலுங்கரல்லர், பாம்பாட்டிகளும் அல்லர். பாம்பையும் எலியையும் பிடித்து வாழ்ந்த பழங்குடியினர். இந்தியாவில் 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பின்னர் பாம்புத்தோல் வாணிகமும் தடுக்கப்பட்டபோது அவர்கள் பிழைப்பிழந்தனர். ரோமுலஸ் விற்றேக்கர் என்னும் பாம்பியல் அறிஞரின் துணையோடு 1978 இல் சென்னைக்கு அருகே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. உத்தரவு பெற்றுப் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, அப்பாம்பை மீளக் காட்டில் விட்டுவிடுவர். நஞ்சுமுறி மருந்து செய்வதற்கு இந்தியாவில் வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு அச்சங்கத்தினின்று கிடைத்துவந்தது. நம் வைத்தியசாலைகளிற் பாம்பு கடித்தோர்க்கு ஏற்றப்படும் நஞ்சுமுறி மருந்தும் இந்தியாவிலிருந்து வருவதே. மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர், 2017 இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டு அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 2023 இல் இந்திய அரசு இருவர்க்கும் பத்மசிறீ விருது வழங்கியது. ஈழத்துப் பாம்பாட்டியின் கண்ணும் கையும் இவர்களுடையவற்றுக்குத் தாழ்ந்தனவல்ல. நமது நாட்டில் சட்டம் பெட்டியைப் பறித்தது. வேறு வாயில் திறக்கப்படவில்லை. மருத்துவமும் சட்டமும் நிருவாகமும் கற்று உயர்பதவிகளில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் இதனை எண்ணிப்பார்ப்பதற்கு இடமுண்டு.

மொழியைப் பொறுத்தவரையில் தமிழாசிரியர் செய்யத்தக்க ஒரு சிறு பணி உண்டு. முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்களது சொற்களைத் தொகுத்து எழுதுதல் வேண்டும். உறவுப்பெயர், எண், உடலுறுப்பு, பாம்பின் வகைகள், காட்டு மூலிகை, கூடாரத்தின் உறுப்புகள், கழுதையை ஏவும் சொற்கள் என்று ஐந்நூறு சொல் தொகுத்தாலே நல்ல தொடக்கமாகும். அதனை எந்த எழுத்தில் எழுதுவது என்பதில் ஒரு சிக்கல் எழும். கழுதைக்கு உரிய காடித என்னும் தெலுங்குச் சொல்லின் முதலெழுத்து வல்லொலியன்று; நகரம் என்னுஞ் சொல்லில் நாம் ககரத்தை ஒலிப்பதினும் அழுத்தி, கங்கை என்பதில் இரண்டாங் ககரத்தை ஒலிக்கும் முறையில் ஒலிப்பது. தமிழெழுத்தில் அதனைக் காட்டத் தனிக்குறி இல்லை. சிங்கள எழுத்திலோ அதற்கெனத் தனியெழுத்து உண்டு. ஆகவே அளிக்கம்பையில் இருந்து ஒருவரும் குடாகமவில் இருந்து ஒருவரும் அருகருகே அமர்ந்து, ஒருவர் தமிழெழுத்திலும் மற்றவர் சிங்கள எழுத்திலும் ஒரே சொல்லை ஒரே வரியில் எழுதிச் செல்லுதல் தக்கது. அவ்வேட்டை இருபாலாரின் பிள்ளைகளும் படிக்கலாம்.